ஜப்பானிய வரலாற்றுத் தாளை எடுத்துவிடாதீர்கள்: துணைவேந்தருக்கும் கல்விக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் முதுகலை வரலாற்றில் 'நவீன ஜப்பான்' விருப்பப் பாடம் இருக்காது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஜப்பானிய மொழிப் பட்டயப் படிப்பில் 'வரலாறும் பண்பாடும்' தாளை எடுத்துவிட்டு நேர்முகத் தேர்வுப் பயிற்சியை வைக்கப் போகிறீர்கள். நூலகத்தின் ஜப்பானிய அடுக்கில் இருக்கும் நூல்கள் கழிவுப் பட்டியலுக்குப் போகின்றன. மூன்று முடிவுகளையும் ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருக்கிறீர்கள். மாணவர் எண்ணிக்கை குறைவு, வேலைவாய்ப்போடு தொடர்பில்லை என்று இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த விருப்பப் பாடத்தைக் கௌரவ விரிவுரையாளராக நடத்தியவன் நான். அதற்கு முன் அதே பட்டயப் படிப்பில் மாலை வகுப்பு மாணவன். துறைக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, அதனால் பொதுவில் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும், தவிர, இது ஒரே ஒரு வளாகத்தில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை.

எண்ணிக்கையை முதலில் பேசிவிடலாம். எங்கள் தாளைப் போட்டித் தேர்வுக்கான விருப்பப் பாடம் நடக்கும் அதே மணியில் வைத்தது யார்? டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளையிடம் அதை விட்டுவிட்டு ஜப்பானின் மெய்ஜி காலம் (1868–1912) படிக்க வா என்று கூப்பிட எனக்கே வாய் வராது. விருப்பப் பாடத் தெரிவு முறையான சிபிசிஎஸ் விதிப்படி பிற துறை மாணவர்களும் இந்தத் தாளை எடுக்கலாம். ஆனால் இணையப் பதிவில் வரலாற்றுத் துறை மாணவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதன் பெயர் தெரியவில்லை. சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், நடக்கவில்லை. அப்படியும் கணினித் துறையிலிருந்தும் நுண்ணுயிரியல் துறையிலிருந்தும் பிள்ளைகள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "கிரெடிட் வேண்டாம் சார், சும்மா கேட்டுக்கிறோம்" என்றார்கள். பெரும்பாலும் அனிமே பார்த்து வந்தவர்கள். "ஷின்சென்குமின்னு நிஜமாவே இருந்தாங்களா சார்?" என்று அந்தச் சாமுராய்க் காவல்படையைப் பற்றிக் கேட்டபடி வந்து, 1863இல் கியோத்தோவின் தெருக்களில் அரசியல் எப்படி இருந்தது என்பதில் சிக்கிக்கொண்டு, செமஸ்டர் முடியும்வரை போகாமல் இருந்தார்கள். உங்கள் பதிவேட்டில் அவர்கள் ஒருவர்கூட இல்லை.

இனி வேலைவாய்ப்பு. வேலைக்காக ஜப்பானிய மொழி படிப்பதை நான் குறைசொல்லவே மாட்டேன். ஒரகடத்தில் நிஸான் கூட்டாகத் தொடங்கிய கார் தொழிற்சாலை இருக்கிறது. சென்னை மெட்ரோவுக்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கும் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா கடன் கொடுத்திருக்கிறது. குறிப்பிட்ட திறன் கொண்ட தொழிலாளர்களை அனுப்ப இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் பிள்ளைகள் மொழி படித்து அங்கே போய்ச் சம்பாதிக்கட்டும். அதற்கான வகுப்புகள் ஊரெங்கும் நடக்கின்றன, தனியார் பயிற்சி மையங்கள் அதை நம்மைவிட நன்றாகவே செய்கின்றன. பல்கலைக்கழகமும் அதே கடையைத் திறப்பது எதற்கு?

அந்த வகுப்புகளின் இலக்கு ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள். சொல், இலக்கணம், வாசித்தல், கேட்டல் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். பேச்சுத் தேர்வு கிடையாது, கட்டுரை எழுதத் தேவையில்லை. இன்றைய ஜப்பானிய மொழிக்கான நல்ல தேர்வுதான் அது, ஆனால் இன்றைய மொழியோடு நின்றுவிடுகிறது. ஜப்பானிய அரசு 1946இல் எழுத்துமுறையைச் சீர்திருத்தி, அன்றாடப் பயன்பாட்டுக்கு கஞ்சி என்ற சீனவழி எழுத்துகளில் 1,850ஐ வரையறுத்தது, கானா என்ற ஒலியெழுத்துகளின் (ஹிரகானா, கத்தகானா) எழுத்துக்கூட்டலையும் மாற்றியது. 1949இல் பல எழுத்துகளின் வடிவம் எளிதாக்கப்பட்டது. அதற்கு முந்தைய அரசுக் கோப்புகள் பழைய எழுத்து வடிவத்தில், கஞ்சியும் கத்தகானாவும் கலந்து, பழைய இலக்கணத்தில் எழுதப்பட்டவை. இன்னும் பின்னால் போனால், 1603 முதல் 1868 வரை ஷோகுன்கள் எதோ நகரிலிருந்து (இன்றைய தோக்கியோ) ஆண்ட எதோ காலத்துக் கையெழுத்து. குஸுஷிஜி என்று சொல்வார்கள். தூரிகையைத் தூக்காமல் எழுத்தோடு எழுத்தை இழுத்துப் பிணைத்து எழுதியிருப்பார்கள். ஒரே ஒலிக்குப் பல ஹிரகானா வடிவங்கள் புழங்கின. 1900ஆம் ஆண்டுப் பள்ளி விதிகள்தான் ஒலிக்கு ஒரு வடிவம் என்று நிலைநிறுத்தின. என்1 சான்றிதழ் வைத்திருப்பவர் முன் அப்படி ஒரு தாளை வைத்தால், செய்தித்தாள் வாசிக்கும் தமிழரை வட்டெழுத்துக் கல்வெட்டு முன் நிறுத்திய கதைதான். ஜப்பானியர்களில்கூடப் பெரும்பாலானோரால் அதை வாசிக்க முடியாது.

இதைக் கற்றுக்கொடுக்கும் இடம் பல்கலைக்கழகம் மட்டும்தான். அதைத்தான் நீங்கள் மூடுகிறீர்கள்.

இந்த எழுத்துகளை வாசித்து நமக்கு என்ன ஆகப் போகிறது என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

சயாம்–பர்மா ரயில்பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இல் ஜப்பானிய ராணுவம் வேலையைத் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தது. நேச நாடுகளின் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெயர் பொறித்த பலகைகள். அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்தப் பாதையில் செத்தவர்களில் பெரும்பகுதி ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர் கொண்டுபோகப்பட்டதாகக் கணக்கு, அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்று இன்றுவரை மதிப்பீடுதான் சொல்ல முடிகிறது.

என் வகுப்பில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி இருந்தார். அவருடைய பாட்டியின் அப்பா மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர், ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற செய்தியோடு சரி. இதையே முதுகலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரக் கைதிகளின் நினைவுக் குறிப்புகளில் 'கூலிகள்' ஓரமாக வந்துபோவார்கள். மலேசியாவில் திரட்டப்பட்ட வாய்மொழிச் சான்றுகள் கொஞ்சம் உண்டு. மூன்றாவதாக இருப்பது ஜப்பானிய ராணுவத்தின் சொந்தக் காகிதங்கள். 1945 ஆகஸ்டில் தோல்வி உறுதியானதும் நிறைய எரித்துவிட்டார்கள். எரியாமல் தப்பியவற்றில் ஏராளமானவை இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆசிய வரலாற்று ஆவண மையம் என்று ஒரு தளம். ஜப்பானின் தேசிய ஆவணக்காப்பகம் அதை 2001 நவம்பரில் தொடங்கியது. தேசிய ஆவணக்காப்பகம், வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணக்காப்பகம், பாதுகாப்பு ஆய்வுக் கழகம் ஆகிய மூன்றும் வைத்திருக்கும் போருக்கு முந்தைய, போர்க்கால ஆவணங்களை அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. ஆங்கிலத்திலும் தேடலாம்.

அந்த மாணவியும் தேடினார். ரயில்பாதை தொடர்பான ராணுவக் கோப்புகள் திரையில் வந்தன. வந்து என்ன? வாசிக்கத் தெரியவில்லை. பட்டயப் படிப்பில் முதல் வகுப்பில் தேறியவர்தான். கத்தகானாவைக் கூட்டிக் கூட்டி வாசித்தார். பழைய கஞ்சி வடிவங்களை ஒவ்வொன்றாக அகராதியில் தேடினோம். தேதி, படைப்பிரிவின் பெயர், அரிசி அளவு, தொழிலாளர் எண்ணிக்கை என்று ஒரு பக்கம் பிடிபடுவதற்குள் ஆய்வேடு கொடுக்கும் நாள் வந்துவிட்டது. கடைசியில் ஆங்கில நூல்களை வைத்தே எழுதிக் கொடுத்தார். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் தன் குடும்பத்து ஆளைக் கொண்டுபோனவர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்பதை இன்னும் வேறொருவர் வாசித்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். நீங்கள் எடுத்துவிடப் போகும் தாளின் பாடத்திட்டத்தில் 'போர்க்கால ஆவண வாசிப்பு' என்று ஓர் அலகு சேர்க்கச் சொல்லி நான் கொடுத்த முன்மொழிவு பாடத்திட்டக் குழுவுக்கே போகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இது நம் சொந்தக் கதை என்பதால் மனதைத் தொடுகிறது. சொந்தக் கதையாக இல்லாததிலும் நமக்கு வேலை உண்டு. 1700ஆம் ஆண்டு ஜனவரி மாத இரவொன்றில் ஜப்பானின் கிழக்குக் கரையில் கடல் ஏறியது. நில நடுக்கம் எதுவும் உணரப்படவில்லை. கிராம அதிகாரிகளும் வணிகர்களும், எத்தனை வீடு போனது, நெல் எவ்வளவு நனைந்தது, யாருக்கு நிவாரண அரிசி தேவை என்று வழக்கமான குறிப்புகளாக எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து, பசிபிக்கின் மறுகரையில், வட அமெரிக்காவின் காஸ்காடியா பகுதியில் அந்த ஜனவரி 26 இரவு ஏறக்குறைய 9 மணிக்கு மாபெரும் பூகம்பம் நடந்திருக்க வேண்டும் என்று ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கென்ஜி சதாகேயும் அவருடைய சகாக்களும் 1996இல் காட்டினார்கள். எழுத்தாவணமே இல்லாத ஒரு கரையின் பூகம்பத்துக்கு மணி வரை துல்லியமாக நேரம் கிடைத்தது, ஏதோ ஒரு கிராமக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தால். 869ஆம் ஆண்டு ஜோகான் பூகம்பத்தைப் பற்றி அரசவைக் குறிப்பு இருக்கிறது. கடல் பொங்கி ஆயிரம் பேர் மூழ்கினார்கள் என்று 901இல் முடிக்கப்பட்ட நாளாகமம் சொல்கிறது. செண்டாய் சமவெளியின் மண்ணுக்கடியில் அந்த அலை விட்டுச்சென்ற மணலைப் புவியியலாளர்கள் கண்டெடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோதே 2011 சுனாமி வந்துவிட்டது. 2004 டிசம்பரை நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பார்த்த நமக்கு, கடலோரப் பேரிடர் வரலாற்றை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? நம் கரையோரக் கோயில் கல்வெட்டுகளிலும் டச்சுக்காரர்களின் நாட்குறிப்புகளிலும் என்ன கிடக்கிறது என்று தேட ஒரு முறையியலாவது கிடைத்திருக்கும்.

டச்சுக்காரர்கள் என்றதும் இன்னொன்று. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை பழவேற்காடு, அப்புறம் நாகப்பட்டினம். 1641 முதல் ஜப்பானில் அவர்களுக்கு விடப்பட்ட ஒரே இடம் நாகசாகித் துறைமுகத்தில் இருந்த தெஜிமா என்ற சின்னத் தீவு. இரண்டுக்கும் நடுவே அதே கும்பினியின் கப்பல்கள் ஓடின. நம் கரையில் நெய்த கோடுபோட்ட பருத்தித் துணி சாந்தோமின் பெயரைச் சுமந்துகொண்டு எதோ நகரவாசிகளின் உடுப்பானது. பிற்பாடு ஜப்பானிய நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். இதைப் பற்றி இங்கிருந்து ஒரு முனைவர் பட்ட ஆய்வாவது வரவேண்டாமா? செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் பாதி.

செலவைப் பற்றிய பேச்சு வரும் என்பதால் சொல்கிறேன்: மூலங்களுக்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் வரலாற்று மூல ஆவணக் கழகம் 1901 முதல் மூல ஆவணங்களைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்துவருகிறது, அதன் தரவுத்தளங்கள் திறந்தே இருக்கின்றன. அருங்காட்சியகம், நூலகம், ஆவணக்காப்பகம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட 2020இல் 'ஜப்பான் சர்ச்' வந்தது. குஸுஷிஜி பழக ஒசாக்கா பல்கலைக்கழகம் 2016இல் 'கூலா' என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. 2021இல் வந்த 'மிவோ' செயலியில் பழைய கையெழுத்தைப் படமெடுத்தால் இன்றைய எழுத்தில் காட்டும். தவறும் செய்யும், ஆனால் தொடக்கக்காரருக்கு ஊன்றுகோல். கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் தொடங்கிய 'மின்னா தே ஹொன்கோக்கு' தளத்தில் பழைய பூகம்ப ஆவணங்களை யார் வேண்டுமானாலும் எழுத்துப்பெயர்த்துக் கொடுக்கலாம். தவறினால் அனுபவசாலிகள் திருத்துவார்கள். நானும் என் மாணவர்கள் சிலரும் அதில் பழகினோம், வகுப்பறை புரொஜெக்டரில் ஒரு வரி போட்டு எல்லோரும் ஊகித்தபடி. என் ஆசிரிய வாழ்க்கையில் பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்து போகாத வகுப்புகள் அவைதான்.

ஆனால் தனி ஆளால் திறக்க முடியாத கதவுகளும் உண்டு. அங்கேதான் பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம், பதிப்பில் இல்லாத, ஆனால் பதிப்புரிமை தீராத நூல்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது. 2022 முதல் அவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆனால் ஜப்பானில் வசிப்பவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஒரே வழி நூலகம். சட்டத் திருத்தத்துக்குப் பின் 2019 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு நூலகங்களும் விண்ணப்பித்து இந்தச் சேவையில் சேரலாம். சேர்ந்தால் நூலகத்துக் கணினியிலேயே அந்த நூல்களைப் படிக்கலாம். நம் நூலகத்தை விண்ணப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். "கோரிக்கை துறைத் தலைவர் வழியாக வர வேண்டும்" என்றார்கள். துறைத் தலைவர், "நூலகக் குழு கூடட்டும்" என்றார். இதற்குள் தாளையே எடுத்துவிட்டீர்கள்.

உதவித்தொகைக் கதை இதைவிட மோசம். ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் 'ஜப்பானியவியல் மாணவர்' என்று ஒரு பிரிவு. இளங்கலை மாணவர்களை ஏறத்தாழ ஓராண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வைத்து மொழியும் பண்பாடும் வரலாறும் படிக்கவைக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்க, தன் நாட்டில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாக எடுத்திருக்க வேண்டும். தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. சாந்திநிகேதனில் விஸ்வபாரதியின் நிப்பான் பவனம் 1994 முதல் இருக்கிறது. நம்மிடம் இருப்பது மாலை நேரப் பட்டயம். வணிகவியல் படித்துக்கொண்டே மாலையில் நம்மிடம் மொழி படித்து, வகுப்பில் எல்லோரையும் விட முன்னால் நின்ற ஒரு பையன் ஆசையாக விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தான். தகுதிப் பகுதியை நான் வாசித்துக் காட்டியபோது, "அப்ப நம்ம ஊர்ல இருந்து யாருமே போட முடியாதா சார்?" என்றான். நான் என்ன சொல்ல? உள்ள ஒரே பண்பாட்டுத் தாளையும் எடுத்துவிட்டால், நாளைக்கு அப்படியொரு பட்டப்படிப்பைத் தொடங்க அடித்தளம்கூட மிஞ்சாது.

நம் மேடைகளில் ஜப்பானுக்குப் பஞ்சமே இல்லை. பட்டமளிப்பு விழா என்றால் ஹிரோஷிமா சாம்பலிலிருந்து எழுந்த தேசம் வரும்; தமிழ் விழா என்றால் ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வருவார். ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டு உழைத்து எழுதினார். யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவருடைய முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஏற்பதா மறுப்பதா என்று நாமே சோதித்துப் பார்க்க, பழைய ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு பத்துப் பேராவது தமிழ்நாட்டில் வேண்டும். கைதட்டல் வாங்க மட்டும் அந்தப் பெயரை எடுப்பது அந்த மனிதருக்கே மரியாதை இல்லை. கொரியாவிலும் தைவானிலும் ஜப்பான் நடத்திய காலனி ஆட்சியோ, 1923 காந்தோ பூகம்பத்துக்குப் பின் வதந்தியை நம்பிக் கொரியர்களைக் கும்பலாகக் கொன்றதோ எந்த மேடையிலும் வருவதில்லை. அவை எங்கள் தாளில் இருந்தன. ஒரு நாட்டைப் போற்றிப் பாடுவதற்குத் துறை தேவையில்லை, அறிந்துகொள்வதற்குத்தான் தேவை.

ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபுரு கராஷிமாவை இந்த வளாகத்தில் அறியாதவர் இல்லை. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். தமிழ் படித்து, கல்வெட்டு வாசிக்கப் பழகி, காவிரிக் கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஊரில் நிலம் பொதுவில் இருந்தது, பிரமதேயமான (பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட) மற்றதில் தனியார் கையில் இருந்தது என்று அவர் காட்டியது சோழர் காலச் சமூகத்தைப் பற்றிய பேச்சையே மாற்றியது. எ. சுப்பராயலு, தோரு மாட்சுய் இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு அவர் தொகுத்த அடைவு 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1995இல் தஞ்சையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவர்தான். இந்திய அரசு 2013இல் பத்மஸ்ரீ கொடுத்தது. இத்தனையும் எப்படி நடந்தது? அந்த நாட்டில் ஒரு பல்கலைக்கழகம், தென்னிந்திய வரலாறு படித்தால் எங்கே வேலை கிடைக்கும் என்று கேட்காமல் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தது. அவருக்கு அடுத்த தலைமுறையும் அங்கே வந்தது. நம் பக்கத்திலிருந்து எதோ காலக் கிராமப் பதிவேடுகளை வாசித்து, ஜப்பானியர்கள் கவனித்துப் படிக்கும்படி ஒரு கட்டுரை எழுதிய தமிழர் எவரையாவது கல்விக்குழு காட்ட முடியுமா?

நூல்களுக்கு வருகிறேன். ஜப்பானிய அடுக்கில் இருப்பவை, இங்கே பணிபுரிந்து திரும்பிய ஓர் ஜப்பானியரின் குடும்பம் கொடுத்தவை. அவற்றில் 'கொக்குஷி தைஜிதென்' வரலாற்றுக் கலைக்களஞ்சியம் முழுத் தொகுப்பாக இருக்கிறது. 1979இல் தொடங்கி 1997இல் முடிந்த 15 தொகுதிகள். ஜப்பானிய வரலாற்றில் ஆய்வு செய்கிற எவரும் முதலில் கையை வைக்கும் இடம் அது. இணையத்தில் படிக்க வேண்டுமானால் கட்டணச் சந்தா வாங்க வேண்டும், அது நம் நூலக நிதிக்குக் கட்டுப்படியாகாது. அந்தத் தொகுதிகளைத்தான் 'பயன்பாடு இல்லை' என்று எடைக்குப் போட எழுதியிருக்கிறீர்கள். பயன்பாட்டுக் கணக்கு இரவல் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அவை இரவல் தராத குறிப்பு நூல்கள். பதிவேட்டில் எப்படி ஏறும்? போதாததற்கு, அந்த அறை பூட்டியே இருக்கும். சாவி வைத்திருந்த உதவியாளர் ஓய்வுபெற்ற பிறகு யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் அலைந்தோம்.

ஆகவே கேட்கிறேன்.

கழிவுப் பட்டியலை உடனே நிறுத்தி வையுங்கள். இதற்குக் குழுவோ கூட்டமோ தேவையில்லை, நூலகருக்கு ஒரு வரி எழுதினால் போதும். எடைக்குப் போன புத்தகம் திரும்ப வராது என்பதால் இதை முதலில் வைக்கிறேன். அறையைத் திறந்து, குறிப்பு நூல்களைப் பொது வாசிப்புக் கூடத்துக்கு மாற்றி, பட்டியலை நூலக இணையத்தில் ஏற்றுங்கள். ஏற்றும் வேலைக்கு நானும் பழைய மாணவர்களும் சம்பளம் இல்லாமல் வருகிறோம்.

'நவீன ஜப்பான்' தாளை நீக்கும் முடிவைக் கல்விக்குழுவின் அடுத்த கூட்டத்தில் மறுபடி விவாதத்துக்கு எடுங்கள். குறைந்தது இரண்டு கல்வியாண்டுகளுக்கு, வேறு தாளோடு மோதாத மணியில் வைத்து, எல்லாத் துறை மாணவர்களுக்கும் பதிவைத் திறந்துவிட்டு நடத்திப் பாருங்கள். அப்படியும் ஆள் வராவிட்டால் அப்போது பேசலாம். பட்டயப் படிப்பில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி வேண்டுமென்றால் கூடுதல் தாளாகச் சேருங்கள், வரலாற்றுத் தாளின் இடத்தைக் கொடுக்காதீர்கள். கூடவே, போருக்கு முந்தைய ஜப்பானிய ஆவணங்களை வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு செமஸ்டர் தாளுக்கான என் முன்மொழிவைப் பாடத்திட்டக் குழுவின் முன் வையுங்கள். நிராகரிப்பதானால் காரணத்தோடு நிராகரியுங்கள்.

தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் மின்னூல் சேவையில் சேர நம் நூலகம் இந்தக் கல்வியாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துறைத் தலைவர், நூலகக் குழு என்று யார் கையெழுத்து வேண்டுமோ அதைத் துணைவேந்தர் அலுவலகமே வாங்கித் தரட்டும். 1972 முதல் பண்பாட்டுப் பரிமாற்றம், ஜப்பானிய மொழிக் கல்வி, ஜப்பானியவியல் ஆகியவற்றுக்காக இயங்கிவரும் ஜப்பான் ஃபவுண்டேஷனுக்குப் புது தில்லியில் அலுவலகம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் ஆய்வுநல்கை தருகிறார்கள். அவர்களோடு பேச ஒரு பொறுப்பாசிரியரை நியமியுங்கள், நிரந்தரப் பணியில் இருப்பவராக. கௌரவ விரிவுரையாளர் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு வெளியே என்ன மதிப்பு என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக, ஜப்பானிய மொழியையும் வரலாற்றையும் முதன்மைப் பாடமாகக் கொண்ட இளங்கலைப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்குவதற்கான சாத்தியத்தை ஆராய ஒரு குழு அமையுங்கள். ஆறு மாதத்துக்குள் அறிக்கை கேளுங்கள், அறிக்கையைப் பொதுவில் வையுங்கள். அந்தக் குழுவில் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

சேர்க்கை அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறையின் முன்னாள் கௌரவ விரிவுரையாளர்